நாற்பத்தொன்றாம் நம்பர் செம்பருத்தி

சீனிவாசலு ரிஜெக்ட் செய்த சாமானை ஆண்டவனே நேரில் வந்து சிபாரிசு செய்தாலும் பாஸ் பண்ண மாட்டார் என்று கம்பெனியில் சொல்வார்கள். துடியலூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் அவர் முப்பது வருஷமாக இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து இறங்குகிற ஷாஃப்டு, ஹவுசிங் என்று எந்தப் பாகமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். மைக்ரோமீட்டரை வைத்துத் திருகுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், உதட்டைப் பிதுக்குவார். உதடு பிதுங்கினால் கதை முடிந்தது. அந்தத் துண்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு விழும். சிவப்புக் கோடு விழுந்தது மறுபடி நல்ல சாமானோடு சேரக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம், சூட்டோடு அளக்கக் கூடாது. கடைசல் முடிந்து கை சுடச்சுட வருகிற இரும்பு கொஞ்சம் விரிந்திருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் நல்ல துண்டும் கெட்டதாகத் தெரியும், கெட்டதும் நல்லதாகத் தெரியும். லாரி வந்து நிற்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று சூப்பர்வைசர்கள் பறப்பார்கள். இவர் அசையமாட்டார். "ஆறட்டுமுங்க. சூட்டுல அளந்தா இரும்புகூடப் பொய் சொல்லும்" என்பார். இதை வீட்டிலும் சொல்வார். கொதிக்கிற சாம்பாரில் உப்புப் பார்க்கிற மனைவியிடம் சொல்வார், காய்ச்சலில் கிடக்கிற மகளிடம் சொல்வார். கேட்டுக் கேட்டு அந்த வீட்டுச் சுவருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் செம்பருத்திப் பைத்தியம் பிடித்தது.

சும்மா வளர்க்கிற பைத்தியமாக இருந்தால் பரவாயில்லை. இவருக்குப் பிடித்தது புதுசு உண்டாக்குகிற பைத்தியம். காலையில் மொட்டை மாடிக்குப் போய் ஒரு செடியின் பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிற ஐந்து பொட்டிலும் தடவுவார். காம்பில் ஒரு நூல் கட்டுவார். அது காயாகப் பிடித்தால், வெடித்து விதை சிந்திவிடாமல் வலைத்துணியில் பை தைத்துப் போட வேண்டும். அது மனைவி பத்மாவதியின் வேலை. ஒரு காயில் இருபது விதை இருந்தால் இருபதும் இருபது மாதிரிப் பூக்கும். அம்மா மாதிரியும் இருக்காது, அப்பா மாதிரியும் இருக்காது. விதை போட்டுப் பூப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நாற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி, ஒரு நம்பர். நம்பரை அலுமினியத் தகட்டில் பஞ்ச் அடித்துத் தண்டில் கம்பியால் கட்டிவிடுவார். கம்பெனிப் புத்தி எங்கே போகும்?

பூத்த பிறகுதான் பரீட்சை. முதல் பூவைக் கணக்கில் எடுக்கமாட்டார். அடுத்து மூன்று பூ. அதற்குள் இதழ்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும், காம்பு தலை கவிழாமல் நிற்க வேண்டும், நிறம் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு விழுந்த தொட்டி ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே போய்விடும். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நூறு நாற்றில் இரண்டோ மூன்றோ தேறும்.

"பாவமுங்க, அதுவும் பூத்திருக்குதல்ல" என்பாள் பத்மாவதி.

"பாவம் பாத்தா மாடி தாங்காது."

இந்த மாடியில் இவ்வளவு பூத்தும் அவள் பூஜைக்கு மட்டும் கடைப்பூதான். ஒரு பூவைக் கிள்ளினாலும் "அது இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்குது" என்று பாய்ந்து வருவார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் நின்றுபோய் வீட்டுத் தெலுங்கு மழையாகக் கொட்டும். பத்மாவதி பதில் சொல்லமாட்டாள். அடுப்படிக்குப் போய்விடுவாள். சாயங்காலம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, எதுவுமே நடக்காதது மாதிரி, காலையில் சொல்ல நினைத்ததை மெதுவாகச் சொல்வாள். அவள் தன் கோபத்துக்குப் பயந்துதான் அப்படி ஒதுங்குகிறாள் என்று சீனிவாசலு நினைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மார்ச்சில் பத்மாவதி அமெரிக்கா புறப்பட்டாள். மகள் ஹர்ஷிணிக்கு டல்லாஸில் முதல் பிரசவம். ஆறு மாதத்துக்கு விசா. இவருக்கு அத்தனை லீவு யார் கொடுப்பார்கள்? ஊறுகாய், பிரசவ மருந்து, குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் என்று நான்கு பெட்டி கட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று மாடிக்கு ஏறி எல்லாத் தொட்டிகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாள். மூட்டு வலிக்காரி எதற்கு மாடிப்படி ஏறுகிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷத்து நாற்றுகள் கொஞ்சம் தாமதம். முந்தின வருஷங்களில் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் பூப்பார்த்திருந்தார். இந்தத் தடவை சித்திரை நடுவில்தான் மொட்டுக் கட்டின. செம்பருத்திக்கு வெயில் என்றால் கொண்டாட்டம் என்று சந்தோஷப்பட்டார். வாரத்தில் ஆறு நாள் காலை ஏழு மணிக்கே கம்பெனிக்கு ஓட வேண்டும். வீட்டிலும் சமையல், துணி எல்லாம் இப்போது அவர் தலையில். ஆகவே ஞாயிறு வேலையெல்லாம் முடித்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணி வாக்கில் மாடிக்குப் போய் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணினார். கத்திரி வெயில். மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்த வருஷத்து நாற்று இருபத்தைந்தில் இருபத்து மூன்று, மூன்று பூ கெடு முடிந்து சிவப்புக் கோடு வாங்கின. அவற்றில் ஒன்று நாற்பத்தொன்று. நோட்டில் அதற்கு எதிரே இப்படி எழுதினார்: "நிறம் கழுவின காவி. நடுவில் தெளிவில்லை. ரிஜெக்ட்."

அடுத்த நாளே அதை மறந்தும் போனார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை. டல்லாஸில் அப்போது முன்னிரவு. வீடியோவில் பத்மாவதி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேத்தி கொட்டாவி விட்டதையெல்லாம் காட்டி முடித்த பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"ஏனுங்க, நாப்பத்தொண்ணு பூத்துதுங்களா?"

"எது?"

"நாப்பத்தொண்ணாம் நம்பர் தொட்டி. மேக்க ஓரத்துல இருக்குமல்ல."

"அது எதுக்கு இப்ப?"

"அது என்ரது" என்றாள் பத்மாவதி.

பிறகு சொன்னாள். முந்தின ஐப்பசியைத் தாண்டி அதற்கும் முந்தின ஐப்பசியில் மூட்டு வலிக்கு ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரிடம் போனார்களே, அந்தக் கிளினிக் காம்பவுண்டில் ஒரு செம்பருத்தி, ஊதாவும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறம். ஒரு பூவைக் கிள்ளி டிஃபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாளாம். அவர் கம்பெனிக்குப் போன பிறகு, மாடியில் இருந்த மஞ்சள் செடியில் ஒரு பூவுக்கு அவர் செய்கிற மாதிரியே தடவிவிட்டாளாம். காய் பிடித்தது. மூன்றே விதை. ஒன்றுதான் முளைத்தது. அதை அவருடைய நாற்றுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் வைத்துவிட்டாள். அவரும் பார்க்காமலே நம்பர் போட்டுவிட்டார்.

"சொல்லியிருக்கலாமல்ல" என்றார் சீனிவாசலு.

"சொன்னா சலுகை காட்டுவீங்க. இல்லாட்டிச் சிரிப்பீங்க. உங்க கண்ணுல அதுவாப் பாஸாகட்டும்னு விட்டுட்டனுங்க. வாழ்க்கையில நானும் ஒரு பூவு உண்டாக்கிப் பாக்கலாம்னு ஆசை. அந்தக் கிளினிக்குச் செடியையும் வெட்டிப்போட்டாங்களாம், கார் நிறுத்த இடம் வேணும்னு. மறுக்காப் பண்ணோணும்னாலும் முடியாதுங்க. இருக்கறது அது ஒண்ணுதான். பூத்துதுங்களா, சொல்லுங்க."

முப்பது வருஷமாக ஒரு துண்டு இரும்பைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாத மனுஷர், "இன்னும் மொட்டு வரலை பத்மா" என்றார்.

"வந்தா போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. நான் வந்து நேர்ல பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

போனை வைத்த பிறகு சீனிவாசலு வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தார். கம்பெனிக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் லேட். அதுவே அங்கே பெரிய செய்தி ஆயிற்று. பத்மாவதி அவரிடம் நகை கேட்டதில்லை, சுற்றுலா கேட்டதில்லை. அவருடைய பூவுக்கெல்லாம் பை தைத்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு செடி வைத்தாள், அதையும் இவர் தீர்ப்புக்கு விட்டாள். இவர் அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். செப்டம்பரில் அவள் வந்து மாடியேறுவாள். அதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அடுத்த ஞாயிறு சீனிவாசலு தெருத்தெருவாகப் போனார். சிவப்புக் கோடு போட்ட தொட்டி எங்கே தெரிகிறது என்று ஒவ்வொரு காம்பவுண்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். போலீஸுக்கு யாரும் போன் பண்ணாதது அவர் செய்த புண்ணியம்.

எதிர் வீட்டு யுவஸ்ரீ வாசலில் ஒன்று இருந்தது. நம்பர் முப்பத்தாறு. மூன்று பூவில் ஒன்றுக்கும் காம்பு நிமிரவில்லை என்று அவர் தள்ளினது. இப்போது அதில் பதினொரு பூ, எல்லாம் வெட்கப்படுகிற மாதிரித் தலை குனிந்து.

"அங்கிள், உங்க செடி வந்ததுல இருந்து எங்கம்மாவுக்கு முடி கொட்டறது நின்னுபோச்சுங்க. பூவைப் போட்டு எண்ணெய் காச்சறோம்" என்று சொல்லி யுவஸ்ரீ ஒரு பாட்டில் எண்ணெயை அவர் கையில் திணித்தாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், பொய் சொல்லமாட்டாள்.

மூலை பேக்கரி ரவிக்குமார் கடை முன்னால் இரண்டு தொட்டி. இதழுக்கு இதழ் இடைவெளி இருக்கிறது என்று தள்ளினவை. "சார், டீ குடிக்க வாரவிய எல்லாம் இதுக்கு முன்னால நின்னு செல்பி எடுக்கறாங்க" என்று சொல்லி ஆறு பன்னைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினான்கு தொட்டிகளைக் கண்டுபிடித்தார். ஒருத்தர் முருங்கைக்காய் கொடுத்தார். ஒரு அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தாள். எண்ணெயும் பன்னும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வரும்போது அவருக்கு ஒரே குழப்பம். தான் ஆகாது என்று தூக்கி எறிந்ததற்கு ஊரே நன்றி சொல்கிறது. இந்த நன்றியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்று மட்டும் எங்கேயும் இல்லை.

யுவஸ்ரீக்குத்தான் மறுநாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது. "அங்கிள், அந்தக் குக்கர் ரிப்பேர் பாய் ஒரு தொட்டி எடுத்துட்டுப் போனாருங்க. டி.வி.எஸ் வண்டில முன்னாடி கால் வெக்கற எடத்துல வெச்சுட்டு, காலை ரெண்டு பக்கமும் விரிச்சுட்டு ஓட்டுனாரு. அதான் ஞாபகம் இருக்குது."

குக்கர் பாயை சீனிவாசலுவுக்குத் தெரியும். வாரம் தவறாமல் ஒலிபெருக்கி கட்டின வண்டியில் "குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர், கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று வருவார். யோசித்துப் பார்த்தால் அந்தக் குரலைக் கேட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபோது சுவர் காலண்டர் கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் பத்மாவதியின் கையெழுத்து: "குக்கர் பாய், பீர் முகம்மது, காரமடை." கீழே பத்து நம்பர். அங்கே இருந்துகொண்டே அவள் இங்கே வழி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டே நம்பரை அழுத்தினார்.

போனை எடுத்தது பீர் முகம்மதுவின் மனைவி சாஜிதா பேகம். "அவருக்குக் கை ஒடிஞ்சுபோச்சுங்கண்ணா. வண்டி சறுக்கி உழுந்துட்டாரு. கட்டுப் போட்டு உக்காந்திருக்காரு. செடிங்களா? இருக்குதுங்க. நீங்க வாங்க, பாருங்க."

ஆடி முதல் ஞாயிறு. மலைப்பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்தது. பெரியநாயக்கன்பாளையம் தாண்டினதும் சாரல் பிடித்தது. ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு காரமடை போய்ச் சேரும்போது சட்டை நனைந்து உடம்பு நடுங்கியது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் ஓட்டு வீடு. கதவைத் தட்டுவதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்ட தொட்டி. அதில் நான்கு பூ.

நாவல்பழத்தைக் கடித்தால் நாக்கில் ஒட்டுமே, அந்த நிறம் நடுவில். அங்கிருந்து வெளியே போகப்போகச் செம்பு நிறமாக வெளுத்து, இதழின் விளிம்பில் மட்டும் மஞ்சள் ஒரு கோடாக ஓடியது. ஒரு சாணுக்குக் குறையாத பூ. காம்பு நிமிர்ந்து நின்றது. இதழோடு இதழ் படிந்து கிடந்தது. நான்கு வருஷமாக எந்தப் பூவுக்காக நூல் கட்டி, பை போட்டு, நம்பர் அடித்து, நாற்றை நாற்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாரோ அந்தப் பூ.

அவர் குனிந்து தகட்டைத் திருப்பினார். நாற்பத்தொன்று. சந்தேகமே இல்லை, அவர் கையால் அடித்த பஞ்ச்தான். கழுவின காவி என்று எழுதினதும் அவர் கைதான்.

சாரல் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். கத்திரி, உச்சிப்பொழுது, தரை கொதிக்கிற மாடி. பூவின் நிறமெல்லாம் வெயிலில் வெந்து வெளுத்துப்போயிருந்த நேரம். இப்போது ஆடிக்காற்றில் உடம்பு ஆறினதும் அது தன் நிறத்தைக் காட்டுகிறது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், ஒரு துண்டு இரும்புக்குக் கொடுத்த மரியாதையைப் பெண்டாட்டி வைத்த பூவுக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க சார்" என்று பீர் முகம்மது வந்தார். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. "நாப்பத்தொண்ணு இன்னைக்கு நாலு உட்டுருக்குது, பாத்தீங்களா?"

"நாப்பத்தொண்ணுன்னா கூப்பிடறீங்க?"

"பேரு எழுதித் தகடு தொங்குதல்ல. அதையே வெச்சுட்டோமுங்க" என்றாள் உள்ளேயிருந்து வந்த சாஜிதா பேகம்.

"சார், உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்லோணும்" என்றார் பீர் முகம்மது. "முப்பது வருசமா வண்டியில சுத்துன ஆளுங்க நானு. கை ஒடிஞ்சு ஊட்டுக்குள்ள உக்கார வெச்சுட்டாங்க. மனுசனுக்குப் பைத்தியம் புடிக்காத குறை. காத்தால எந்திரிச்சா, இன்னைக்கு எத்தனை மொட்டு அவிழும்னு இதைப் பாக்கறதுதான் ஒரே சோலி. தெனம் ஒரு புது ஆளு ஊட்டுக்கு வந்தாப்புல இருக்குமுங்க. நல்லா இருப்பீங்க சார். இந்த மாதிரிச் செடியை யாராவது சும்மா வெளிய வெப்பாங்களா?"

சீனிவாசலு வாயைத் திறந்தார். ஏதோ மழுப்பத்தான் நினைத்தார். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்‌ஷன், சிவப்புக் கோடு, ஆர்.எஸ்.புரத்துப் பூ, டிஃபன் டப்பா, மூன்று விதை, டல்லாஸுக்குச் சொன்ன பொய் எல்லாம். வீட்டுக்காரியைப் பற்றி வெளி மனுஷரிடம் அவர் இத்தனை பேசினது அதுதான் முதல் தடவை.

சாஜிதா பேகம் முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அக்கா கையால உண்டான செடிங்க. தூக்குங்கண்ணா, ஆட்டோ வெச்சுக் கொண்டுபோயிரலாம்."

பீர் முகம்மதுவும் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, கண் பூவை விட்டு நகரவில்லை. சீனிவாசலு அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷம் நூலளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கண் அது.

"வேண்டாமுங்க" என்றார். "நான் வெளிய தள்ளுனதை நீங்க உள்ள கொண்டாந்து காப்பாத்துனீங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க ஊட்லயும் இல்லீங்க. எனக்கு நாலு குச்சி மட்டும் குடுங்க, ஒட்டுக் கட்டிக்கறேன். அவ வந்ததும் கூட்டிட்டு வாரேன். அவளே பாத்துச் சொல்லட்டும்."

சாஜிதா பேகம் வாழையிலைக் கிழிசலில் ஈரத்துணி சுற்றி நான்கு குச்சிகளைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் நாட்டுச் செம்பருத்தி வேர்ச்செடிகளில் நான்கையும் ஒட்டுக் கட்டினார். இரண்டு காய்ந்துபோயின. இரண்டு பிடித்துக்கொண்டு துளிர் விட்டன. ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குப் புறப்படும் முன் அந்த இரண்டு துளிரையும் பார்த்து, யாருக்கென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி பத்மாவதி வந்து இறங்கினாள். கொஞ்சம் நிறம் கூடி, கொஞ்சம் இளைத்து, பேத்தியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மறுநாள் விடிந்ததும், இவர் எழுந்திருப்பதற்குள், மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. சீனிவாசலு பின்னாலேயே ஓடினார்.

அவள் மேற்கு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய தொட்டி இருந்த இடத்தில் இரண்டு சின்னத் தொட்டி. இரண்டிலும் விரல் நீளத் துளிர். தகட்டில் நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது.

"இது எப்படீங்க சிறுசாயிருச்சு?"

அவர் சொன்னார். மழுப்பாமல், தான் நோட்டில் எழுதினதைக்கூட விடாமல் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பத்மாவதி இரண்டு துளிரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கீழே இறங்கிப் போனாள். அடுப்படியில் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், இனி சாயங்காலம் காபிக்குத்தான் வாய் திறப்பாள் என்று நினைத்தார். ஆனால் பத்து நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு, டல்லாஸிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வண்டிய எடுங்க. காரமடை போலாம்."

வழியெல்லாம் ஸ்கூட்டர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

நாற்பத்தொன்றில் அன்று இரண்டு பூ. இரவு மழை பெய்திருந்தது, இதழில் தண்ணீர் நின்றது. பத்மாவதி முன்னால் போய் நின்றாள். தொடவில்லை. கிட்டத்தில் குனிந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், மறுபடி கிட்டத்தில் போனாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் துடைக்கவும் இல்லை. சாஜிதா பேகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னே பின்னே பேசிப் பழகாத இரண்டு பெண்களும் சேர்ந்து பூவைப் பார்த்தார்கள்.

"நல்லா வளத்தியிருக்கீங்க அம்மணி" என்றாள் பத்மாவதி. "இது இங்கயே இருக்கட்டும். எனக்குக் குட்டி ரெண்டு இருக்குது. நீங்க இல்லீன்னா இப்படி ஒண்ணை நான் பாத்தே இருக்கமாட்டேன்."

"சார்தானுங்கக்கா குடுத்தாரு" என்றார் பீர் முகம்மது. கட்டுப் பிரித்த கையை இன்னும் நெஞ்சோடு வைத்திருந்தார்.

பத்மாவதி தொட்டியைச் சுற்றி ஓடின சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள். அதற்குப் பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எப்பங்க பாத்தீங்க இதை?"

"கத்திரியில."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு... பன்னெண்டரை இருக்கும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பு மெல்லத் துடித்தது. "ஏனுங்க, சூட்டோடவா அளந்துபோட்டீங்க?"

"ஆமா பத்மா. பொய் வேற சொன்னேன். ரெண்டுக்கும் சேத்து மன்னிச்சுக்கோ."

மற்ற இருவருக்கும் புரியவில்லை. பத்மாவதி அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள், கம்பெனியில் அவர் வைத்திருக்கிற இரண்டு சட்டங்களையும், சாம்பார் உப்பையும், காய்ச்சலையும். பிறகு சொன்னாள்:

"கோவம் வந்தா இவரு என்ன ஆட்டம் ஆடுவாருன்னு எனக்குத்தானுங்க தெரியும். அந்த நேரத்துல நான் இவரை அளந்திருந்தன்னா, கண்ணாலமான மொத வருசமே செவப்புப் பெயிண்ட் அடிச்சுக் கேட்டுக்கு வெளிய வெச்சிருப்பேன். ஆறட்டும் ஆறட்டும்னுதான் காபி போட்டுட்டுக் காத்திருந்தேன். ஆறுனா நல்ல நெறமுங்க இவருக்கு."

பீர் முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார். சீனிவாசலுவால் சிரிக்க முடியவில்லை. பயந்துகொண்டு அடுப்படிக்குப் போனவள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் அவரை ஆறவைத்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் பாஸ் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். இப்படி ஒருத்தி தனக்குக் கிடைக்க என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் செய்ததாக ஞாபகம் வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாஜிதா பேகம் நான்கு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். "சூடா இருக்குதுங்கண்ணா, பாத்து."

அவர் டம்ளரை வாங்கித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆறட்டுமுங்க" என்றார்.